ஆனந்த பவன் வளர்த்த பிள்ளைகள்

1921 டிசம்பர் 7. அலாகாபாதின் புகழ்பெற்ற வழக்குரைஞர் ஒருவர் அன்று குற்றஞ்சாட்டப்பட்டவராக நீதிபதியின் முன் அமர்ந்திருந்தார். அவருடைய மடியில் நான்கு வயதுப் பேத்தி. தடை செய்யப்பட்ட காங்கிரஸ் தொண்டர் படையில் சேர்ந்து கையொப்பமிட்டார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. அந்தக் கையொப்பம் அவருடையதுதான் என்று சாட்சி சொல்ல அழைத்து வரப்பட்டவரோ எழுத்தறியாதவர்; ஆவணத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே சாட்சியம் அளித்தார். எண்ணற்ற வழக்குகளில் எதிர்த்தரப்பைத் திணறடித்த அந்த வழக்குரைஞர், தமது வழக்கில் வாதாட மறுத்துவிட்டார். 6 மாதச் சிறைத்தண்டனையும் ரூ.500 அபராதமும் விதிக்கப்பட்டன.

அந்த வழக்குரைஞர் மோதிலால் நேரு. மடியில் இருந்த பேத்தி இந்திரா. பாட்டனார் தண்டிக்கப்படும் இடத்துக்கு நான்கு வயதுக் குழந்தையை அழைத்துச் செல்லலாமா என்று இன்றைய பெற்றோர் தயங்கக்கூடும். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. நாட்டின் முக்கியமான அரசியல் நிகழ்வுகளில் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு குடும்பமாகப் பங்கேற்பது நன்மையா, தீமையா என்ற கேள்விக்கு மோதிலாலின் வாழ்க்கையில் இரு பக்கங்களுக்கும் சான்றுகள் உண்டு.

மோதிலால் பிறப்பதற்கு முன்பே நாட்டு நிகழ்வுகள் அவருடைய குடும்பத்தைப் புரட்டிப் போட்டிருந்தன. தந்தை கங்காதர், 1857 கிளர்ச்சியின்போது தில்லி நகரின் கோத்வால் பதவியில் இருந்தவர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது உடைமைகளை இழந்து குடும்பத்துடன் ஆக்ராவில் தஞ்சம் புகுந்தார். 1861 மே 6-ஆம் தேதி மோதிலால் பிறந்தபோது தந்தை உயிருடன் இல்லை. சில மாதங்களுக்கு முன்பே காலமாகியிருந்தார். மூத்த சகோதரர் நந்தலால்தான் அவரை மகனைப்போல் வளர்த்தார்.

சட்டத் தேர்வில் முதலிடம் பெற்ற மோதிலால், கான்பூரில் தொழிலைத் தொடங்கி 1886-இல் அலாகாபாதுக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த ஆண்டே நந்தலால் மறைந்தார். அண்ணனின் பிள்ளைகள் உள்பட ஒரு பெருங்குடும்பத்தின் பொறுப்பு 26 வயதுகூட நிறையாத அந்த இளைஞரின் தோள்களில் விழுந்தது. அவர் அசரவில்லை. உயர்நீதிமன்றத்தின் முன்னணி வழக்குரைஞர்களில் ஒருவராக உயர்ந்தார். 1900-இல் அலாகாபாதில் விசாலமான தோட்டத்துடன் கூடிய ஒரு மாளிகையை வாங்கிப் புதுப்பித்து, அதற்கு ஆனந்த பவன் என்று பெயரிட்டார்.

ஊர் சொல்வதற்கெல்லாம் தலையசைக்கும் இயல்பு அவரிடம் இல்லை. 1899-இல் ஐரோப்பா சென்று திரும்பியபோது, கடல் கடந்ததற்காகப் பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்று சாதியினர் வற்புறுத்தினர். அவர் மறுத்தார், விலக்கிவைப்பதாக மிரட்டியும் பணியவில்லை. பிள்ளைகள் மோதிலாலிடம் முதலில் கண்டது இந்தத் துணிவைத்தான்.

ஜவாஹர்லால், பின்னாளில் விஜயலட்சுமி பண்டிட் என்று அறியப்பட்ட ஸ்வரூப், கிருஷ்ணா ஆகிய மூவரும் அவருடைய பிள்ளைகள். மாலை வேளைகளில் நண்பர்கள் கூடி உரக்கப் பேசிச் சிரிக்கும் கூடத்தைத் திரைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பது சிறுவன் ஜவாஹர்லாலின் வழக்கம். பிடிபட்டால் அடி கிடைக்காது. இழுத்து வந்து தந்தையின் மடியில் சிறிது நேரம் உட்கார வைப்பார்கள். பெரியவர்களின் பேச்சு குழந்தைகளின் காதில் விழலாம் என்ற பழக்கம் அந்த வீட்டில் இவ்வாறு தொடங்கியது. அதேசமயம், மோதிலால் கடுங்கோபக்காரர் என்பதும், மகன் அவரைக் கண்டு அஞ்சினார் என்பதும் மறைக்க வேண்டியவை அல்ல.

அன்றைய அவருடைய அரசியல், ஆட்சியாளர்களிடம் மரியாதையுடன் கோரிக்கை வைக்கும் மிதவாத அரசியல். 1888-இல் அலாகாபாதில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் அவர் ஒரு பிரதிநிதி. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தில்லி தர்பாருக்கு அழைப்பு வந்தபோது, அதற்குரிய அரசவை உடையை லண்டனில் தைத்து அனுப்புமாறு இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த மகனுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் குடும்பம் முதலில் அறிந்திருந்த தேசிய நிகழ்வு பேரரசின் கொண்டாட்டம்தான் என்பதை நினைவில் கொள்வது நல்லது.

1912-இல் பாரிஸ்டராகத் திரும்பிய ஜவாஹர்லால் தந்தையின் மிதவாதத்தில் நிறைவு காணவில்லை. 1917-இல் அன்னி பெசன்ட் காவலில் வைக்கப்பட்டபோது மோதிலாலும் அசைந்தார். தன்னாட்சி இயக்கத்தின் அலாகாபாத் கிளைக்குத் தலைமையேற்றார். எனினும், 1919-இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்துக் காந்தியடிகள் சத்தியாகிரகத்துக்கு அழைத்தபோது தந்தைக்கும் மகனுக்கும் பெரும் பிணக்கு ஏற்பட்டது. சட்டத்தை மீறிச் சிறைசெல்ல மகன் துடித்தார். அது பயனற்றது என்று தந்தை வாதிட்டார்.

வாதம் ஒருபுறம் நடக்க, இரவில் மோதிலால் யாருக்கும் தெரியாமல் வெறுந்தரையில் படுத்துப் பார்த்தார். மகன் சிறைக்குப் போனால் அவன் உடல் படும் பாடு எப்படியிருக்கும் என்று அறிய விரும்பினார். இந்தச் செய்தியைப் பின்னாளில் மகனே தமது சுயசரிதையில் பதிவு செய்தார். கருத்தால் எதிர்த்துக்கொண்டே மகனின் துன்பத்தைத் தம் உடலில் உணர்ந்து பார்க்க முயன்ற தந்தை அவர்.

1919 ஏப்ரல் 13-இல் நிகழ்ந்த ஜாலியன்வாலா பாக் படுகொலை மோதிலாலின் எஞ்சிய நம்பிக்கையையும் தகர்த்தது. அந்த ஆண்டின் இறுதியில் அதே அமிருதசரஸில் கூடிய காங்கிரஸுக்கு அவர் தலைமை வகித்தார். 1920 செப்டம்பரில் கல்கத்தா சிறப்பு மாநாட்டில் ஒத்துழையாமைத் தீர்மானம் வந்தபோது, முன்வரிசைத் தலைவர்கள் பலர் தயங்க, அவர் காந்தியடிகளின் பக்கம் நின்றார். மகன் காட்டிய பாதைக்குத் தந்தை வந்து சேர்ந்தார்.

அதன் பின் ஆனந்த பவன் மாறியது. மோதிலால் சட்டமன்ற உறுப்பினர் பதவியைத் துறந்தார். நாட்டிலேயே மிக அதிக வருவாய் ஈட்டியவர்களில் ஒருவராக இருந்த அவர் வழக்குரைஞர் தொழிலையும் கைவிட்டார். குதிரைகளும் வண்டிகளும் விற்கப்பட்டன; பணியாளர்கள் குறைக்கப்பட்டனர். பட்டும் மேனாட்டு உடைகளும் நெருப்பில் இடப்பட்டு, வீடு முழுவதும் கதர் வந்தது. பிற்காலத்தில் தேவை கருதிச் சில வழக்குகளை அவர் ஏற்றதுண்டு. ஆயினும் பழைய வாழ்க்கைக்கு அவர் திரும்பவே இல்லை.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் நான் கவனிப்பது, அந்த வீட்டில் இழப்பு நிகழ்ந்த வரிசையைத்தான். முதலில் குடும்பத் தலைவர் தமது வருவாயை இழந்தார். பிறகே பிள்ளைகளிடம் விலை கேட்கப்பட்டது. இளைய மகள் கிருஷ்ணா பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். சிறுமி இந்திராவோ, தான் மிகவும் நேசித்த வெளிநாட்டுப் பொம்மையைத் தானே தீயிலிட்டார். அதன் பிறகு காய்ச்சலில் விழுந்ததாகப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார். ஒரு குழந்தைக்கு அது சிறிய இழப்பன்று.

1921 டிசம்பர் 6-ஆம் தேதி தந்தையும் மகனும் ஆனந்த பவனில் கைது செய்யப்பட்டனர். அபராதம் செலுத்துவது காங்கிரஸின் கொள்கைக்கு மாறானது என்பதால் குடும்பத்தினர் அதைச் செலுத்தவில்லை. எனவே, காவலர்கள் திரும்பத் திரும்ப வந்து வீட்டுப் பொருள்களைப் பறிமுதல் செய்தனர். வீட்டுப் பொருள்கள் வெளியேறுவதைக் கண்ட இந்திரா காவலர்களிடம் சண்டைக்குப் போனார். இளம் வயதில் பதியும் இந்த எண்ணம், காவல் துறையைப் பற்றிய மகளின் பார்வையை நிரந்தரமாகத் திரித்துவிடுமோ என்று ஜவாஹர்லால் கவலையுற்றார். குழந்தையைப் போராட்டத்தில் சேர்த்துக்கொண்ட தந்தையே அதன் விளைவை எண்ணி அஞ்சியதை நாம் கவனிக்க வேண்டும்.

அந்த மாத இறுதியில் ஆமதாபாதில் காங்கிரஸ் கூடியது. ஆண்கள் சிறையில் இருக்க, மோதிலாலின் மனைவி ஸ்வரூப் ராணி, மருமகள் கமலா, மகள் கிருஷ்ணா, பேத்தி இந்திரா ஆகியோர் மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் ஆமதாபாத் சென்று சபர்மதி ஆசிரமத்தில் தங்கினர். தனி ரயில் பெட்டிகளில் பயணம் செய்து பழகிய குடும்பத்துப் பெண்கள், வழிநெடுக நிலையங்களில் திரண்ட எளிய மக்களை அப்போதுதான் மிக அருகில் கண்டனர்.

இந்தத் தியாகங்கள் எல்லாமே ஒருமனதாக நிகழ்ந்தவை அல்ல. பேத்திக்கு ஒத்த வயதுத் தோழமை வேண்டும் என்று கருதிய மோதிலால், அலாகாபாதில் ஆங்கிலேய ஆசிரியைகள் நடத்திய ஒரு பள்ளியில் அவரைச் சேர்த்தார். அது புறக்கணிப்புக் கொள்கைக்கு முரணானது என்று ஜவாஹர்லால் எதிர்த்தார். தந்தைக்கும் மகனுக்கும் எழுந்த வழக்கு காந்தியடிகள் வரை சென்றது. இறுதியில் இந்திரா பள்ளியிலிருந்து விலக்கப்பட்டார். கொள்கை வென்றது. ஆனால், ஒரு குழந்தைக்குப் பிற குழந்தைகளின் உறவு தேவை என்ற பாட்டனாரின் கருத்தும் பொருளற்றதன்று.

மோதிலால் குடும்பம் அயல்நாட்டின் அரசியல் நிகழ்வுகளையும் சேர்ந்தே கண்டது. 1927 நவம்பரில் ரஷியப் புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவையொட்டி மோதிலால், ஜவாஹர்லால், கமலா, கிருஷ்ணா ஆகிய நால்வரும் மாஸ்கோ சென்றனர். அதன் பின் மோதிலால் ஐரோப்பாவில் தங்கிவிட, ஜவாஹர்லால் மனைவி, தங்கை, மகளுடன் கொழும்பு வழியாகச் சென்னை வந்து, டிசம்பரில் இங்கு கூடிய காங்கிரஸில் கலந்துகொண்டார். முழு விடுதலையே இலக்கு என்ற தீர்மானத்தை அவர் முன்மொழிந்தது சென்னையில்தான். அந்த இலக்கை அப்போது மோதிலால் ஏற்கவில்லை.

1928-இல் மோதிலால் தலைமையிலான குழு இந்தியாவுக்கான அரசியல் சட்ட வரைவைத் தயாரித்தது. நேரு அறிக்கை என்று பெயர்பெற்ற அது, பிரிட்டிஷ் பேரரசுக்கு உள்பட்ட டொமினியன் தகுதியைக் கோரியது. அதை வெளிப்படையாக எதிர்த்தவர்களில் முதன்மையானவர் அவருடைய மகன். அந்த ஆண்டு டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸில் தந்தை தலைவர், மகனோ எதிரணியில். காந்தியடிகள் குறுக்கிட்டு, ஆங்கில அரசுக்கு ஓராண்டு அவகாசம் தருவது என்ற சமரசத்தை உருவாக்கினார். நாடே பார்க்கத் தம்மை எதிர்த்த மகனை மோதிலால் வீட்டை விட்டோ, மனதை விட்டோ வெளியேற்றவில்லை.

ஓராண்டு கழிந்தது. 1929 டிசம்பரில் லாகூரில் கூடிய காங்கிரஸில் தலைமைப் பொறுப்பு தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. வெண்குதிரையில் ஊர்வலமாக வந்த மகனைப் பெற்றோர் இருவரும் அநார்கலி கடைவீதியின் மாடமொன்றிலிருந்து பார்த்து மகிழ்ந்தனர். டிசம்பர் 31 நள்ளிரவில் ராவி நதிக்கரையில் கொடி ஏற்றப்பட்டது. விடுதலை உறுதிமொழியின் வரைவைத் தந்தை தம்மிடம் தந்து உரக்கப் படிக்கச் சொன்னதாக, அப்போது 12 வயதுச் சிறுமியாக இருந்த இந்திரா பின்னாளில் கூறினார்.

இந்த மகிழ்ச்சியில் ஒரு நெருடலும் உண்டு. மகனின் பெயரைத் தலைவர் பதவிக்கு மோதிலாலே காந்தியடிகளிடம் முன்வைத்தவர். 1928-இல் எழுதிய கடிதத்தில் வல்லபபாய் படேலை முதலாவதாகவும், அவர் இல்லையெனில் ஜவாஹர்லாலையும் பரிந்துரைத்தார். 1929-இல் மாகாணங்கள் பலவும் காந்தியடிகளையே முன்மொழிந்தன. அவர் மறுத்து, ஜவாஹர்லாலைச் சுட்டினார். மகன் தகுதியற்றவர் என்று எவரும் கூற இயலாது. ஆனால், ஒரு பொது அமைப்பின் தலைமை ஒரே வீட்டுக்குள் தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாறும் காட்சியைக் குழந்தைகளும் பார்த்துக்கொண்டிருந்தனர்.

1930-இல் உப்புச் சத்தியாகிரகம் தொடங்கியபோது மோதிலாலின் உடல்நிலை தளர்ந்திருந்தது. அந்த ஆண்டில்தான் பழைய ஆனந்த பவனை நாட்டுக்குக் கொடையாக அளித்தார். அது ஸ்வராஜ் பவன் ஆயிற்று. ஏப்ரலில் மகனும் ஜூன் இறுதியில் தந்தையும் சிறை சென்றனர். வீட்டுப் பெண்கள் அந்நியத் துணிக் கடைகளின் முன் மறியல் செய்தனர்.

வயது போதாது என்று காங்கிரஸில் சேர்க்கப்படாத இந்திரா, சிறுவர் சிறுமியரைத் திரட்டி வானர சேனையை அமைத்தார். கொடி தைப்பது, அறிவிப்பு ஒட்டுவது, செய்தி கொண்டு செல்வது, காயமுற்றோருக்கு உதவுவது போன்றவை அதன் பணிகள். நைனி சிறையிலிருந்து பேத்திக்கு எழுதிய மோதிலால், சேனையின் உறுப்பினர்கள் அனைவரும் வால் அணிய வேண்டும் என்றும், பதவி உயர உயர வாலின் நீளமும் கூட வேண்டும் என்றும் வேடிக்கையாக யோசனை கூறினார். சிறைக்குள்ளும் அந்தக் கடுமையான மனிதர், குழந்தை குழந்தையாகவே இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார்.

உடல்நலக் குறைவால் செப்டம்பரில் விடுவிக்கப்பட்ட அவர், 1931 பிப்ரவரி 6-ஆம் தேதி லக்னௌவில் காலமானார். மரணப் படுக்கையில் இருந்த தந்தையுடன் இருக்கும் வகையில் மகன் சில நாள்களுக்கு முன்பே விடுதலை செய்யப்பட்டிருந்தார். தேசியக் கொடி போர்த்தப்பட்ட உடல் அலாகாபாதுக்குக் கொண்டுவரப்பட்டு, கங்கைக் கரையில் எரியூட்டப்பட்டது. அவர் விரும்பிய விடுதலைக்கு இன்னும் 16 ஆண்டுகள் இருந்தன.

மோதிலாலுக்குப் பின்னும் அந்தக் குடும்பம் விலை கொடுத்தது. 1932-இல் ஸ்வரூப் ராணி ஊர்வலத்தில் தடியடி பட்டார். மகள்கள் இருவரும் சிறை சென்றனர். கமலா நோயுற்று 1936-இல் அயல்நாட்டில் மறைந்தார். பள்ளி மாறிப் பள்ளி படித்த இந்திரா, பெற்றோரில் ஒருவரேனும் சிறையிலோ, மருத்துவமனையிலோ இருந்த நாள்களிலேயே வளர்ந்தார். நாட்டின் விடுதலைக்காக அந்தக் குழந்தைப் பருவம் செலவிடப்பட்டது. அதைப் பெருமையாக மட்டும் பேசுவது நேர்மையாகாது.

இந்த வரலாற்றின் கடினமான பகுதி பிறகுதான் வருகிறது. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தவர், ஆவணத்தைத் தலைகீழாகப் பிடித்த சாட்சியைப் பாட்டனாரின் மடியிலிருந்து பார்த்த அதே இந்திராதான். எதிர்க்கட்சித் தலைவர்கள் உள்பட ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் காவலில் வைக்கப்பட்டனர். அவர்களில் பலருக்கு விசாரணையே இல்லை. பத்திரிகைகள் தணிக்கை செய்யப்பட்டன. அநீதியான தண்டனையைக் குழந்தையாகக் கண்டவர், ஆட்சியில் அமர்ந்தபோது அத்தகைய அதிகாரத்தைத் தாமே கையில் எடுத்தார்.

அதே வீட்டில் வளர்ந்த விஜயலட்சுமி பண்டிட், 1977 தேர்தலில் தமது 76-ஆவது வயதில் ஓய்விலிருந்து வெளிவந்து, அண்ணன் மகளின் ஆட்சிக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். விஜயலட்சுமியின் மகளும் எழுத்தாளருமான நயன்தாரா சேகலும் நெருக்கடி நிலையை எதிர்த்து எழுதினார். ஒரே வீடு, ஒரே போராட்டம், ஒரே சிறை நினைவுகள். ஆனால், பெற்ற பாடங்கள் வேறு வேறு. தேசிய நிகழ்வுகளைக் காணும் குழந்தை தானாகவே ஜனநாயகவாதியாக வளர்ந்துவிடும் என்ற எண்ணம் தவறு என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் மோதிலாலிடம் நாம் கற்க வேண்டியது எது? பேத்தியை மடியில் அமர்த்தியதை விட, மகன் எதிர்த்து நின்றபோது அதைப் பொறுத்துக்கொண்டதே அவருடைய பெரிய செயல் என்பேன். 1919-இலும் 1928-இலும் மகனின் கருத்தை அவர் கடுமையாக மறுத்தார். ஆனால், அதைச் சொல்லும் உரிமையை மறுக்கவில்லை. அதனால்தான் ஒருமுறை மகன் தந்தையை மாற்ற முடிந்தது. வீட்டில் பெரியவர்களோடு முரண்படும் உரிமையைப் பெற்ற பிள்ளைக்குத்தான், நாட்டில் பிறர் தம்மோடு முரண்படுவதைத் தாங்கிக்கொள்ளும் பழக்கம் வரக்கூடும். அதுவும் உறுதியன்று, எனினும், அது இல்லாமல் வேறு வழியில்லை.

தேர்தல் பிரசாரத்தில் குழந்தைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2024 பிப்ரவரியில் கட்சிகளுக்குக் கண்டிப்பாக அறிவுறுத்தியது. துண்டுப் பிரசுரம் கொடுக்கவும், முழக்கமிடவும் அவர்களை ஈடுபடுத்துவது தவறு என்றது. அதேசமயம், பிரசாரப் பணி எதிலும் ஈடுபடாமல், பெற்றோருடன் வந்து ஒரு தலைவரின் அருகில் இருக்கும் குழந்தையை விதிமீறலாகக் கருத வேண்டியதில்லை என்றும் தெளிவுபடுத்தியது. குழந்தையைக் கருவியாக்குவது வேறு, சாட்சியாக்குவது வேறு என்ற இந்த வேறுபாடு சரியானது. அந்நிய ஆட்சியின் காலத்தில் வானர சேனைக்கு இருந்த நியாயம், வாக்குரிமை உள்ள சுதந்திர நாட்டில் கட்சிகளுக்கு இல்லை.

ஆகவே, குடியரசு நாளன்று கொடியேற்றும் இடத்துக்கும், கிராம சபைக் கூட்டத்துக்கும், வாக்குச்சாவடி வாசலுக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்வோம். மக்கள் வெயிலில் வரிசையில் நிற்பதையும், சாலைக்கும் குடிநீருக்கும் கேள்வி கேட்பதையும் அவர்கள் பார்க்கட்டும். வீடு திரும்பும் வழியில் அவர்களுக்கு என்ன தோன்றியது என்று கேட்போம். நாம் ஆதரிக்கும் தலைவரைப் பற்றி அவர்கள் வேறு கருத்துச் சொன்னால், அதையும் பொறுமையாகக் கேட்போம்.